ஸ்போர்ட்ஸ்டர் ஐஎஸ்ஏ மோடம்: அந்த இரண்டு ஜம்பர் வரிசைகளுக்காகவே வாங்கலாம்

பழைய 486, பென்டியம் கணினிகளைத் தூசு தட்டி எழுப்புகிறவர்கள் சீக்கிரமே சிக்கிக்கொள்ளும் இடம் மோடம், அதாவது தொலைபேசி லைன் வழியாகக் கணினியை இணைக்கும் கருவி. கார்டைச் செருகிய பிறகு மவுஸ் உறைந்துபோகும். அல்லது மோடம் பதில் சொல்லவில்லை என்று விண்டோஸ் கைவிரிக்கும். அல்லது டயல் டோன் நன்றாகக் கேட்கும், ஆனால் திரையில் எழுத்து வர நெடுநேரம் ஆகும். இவற்றில் பெரும்பாலும் மோடம் கெட்டிருக்காது. மோடமும் இன்னொரு கார்டும் ஒரே முகவரியையோ (கணினி ஒரு கார்டோடு பேசும் எண்) ஒரே ஐஆர்க்யூவையோ (கார்டு பிராசஸரைக் கூப்பிடும் கம்பி) கேட்டு மோதிக்கொண்டிருக்கும். அந்த மோதலைத் தீர்க்க எந்த மோடம் இடம் கொடுக்கிறது என்பதுதான் பழைய கணினிக்கு மோடம் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம். வேகம் அதற்கு அப்புறம்.

இங்கே பார்ப்பது யுஎஸ் ரோபோட்டிக்ஸ் ஸ்போர்ட்ஸ்டர் வரிசையின் உள்ளே பொருத்தும் ஐஎஸ்ஏ (பழைய வகை விரிவாக்க ஸ்லாட்) மோடம். வினாடிக்கு 28.8, 33.6 கிலோபிட், அப்புறம் 1997-இல் எக்ஸ்2, 1998-இல் வி.90 என்ற 56 கிலோபிட் முறைகள் என்று வேகம் ஏறிக்கொண்டே வந்த காலத்துக் கார்டு. அதிலும் ஜம்பர் (முனைகளில் குல்லா வைத்து அமைப்பை மாற்றும் இடம்) உள்ள பதிப்பை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். ஜம்பர் இல்லாத வின்மோடம் வேறு பொருள். அதைப் பற்றிக் கடைசியில்.

இந்தக் கார்டின் அருமை அதன் இரண்டு ஜம்பர் வரிசைகளில் இருக்கிறது. ஒன்று காம் போர்ட்டை (சீரியல் போர்ட்டின் எண்ணும் முகவரியும்) தேர்ந்தெடுக்கும், மற்றொன்று ஐஆர்க்யூவை. இரண்டும் தனித்தனி. அந்தக் காலத்து மலிவு மோடம்கள் பலவற்றில் காம்3 என்று வைத்தால் ஐஆர்க்யூ 4-தான், காம்4 என்று வைத்தால் 3-தான், பேச்சுக்கே இடமில்லை. ஸ்போர்ட்ஸ்டரில் காம்3 முகவரியை வைத்துக்கொண்டே ஐஆர்க்யூ 5 அல்லது 7-க்குப் போக முடியும். இந்த ஒரு வசதி தீர்த்துவைக்கும் சிக்கல்கள் ஏராளம்.

ஏன் என்று புரிய, பீசியின் பழைய ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். காம்1-இன் முகவரி 3எஃப்8 (பதினாறடிமான எண்), ஐஆர்க்யூ 4. காம்2-க்கு 2எஃப்8, ஐஆர்க்யூ 3. காம்3-க்கு 3இ8, மறுபடியும் ஐஆர்க்யூ 4. காம்4-க்கு 2இ8, மறுபடியும் 3. நான்கு போர்ட்டுக்கு நான்கு முகவரி, ஆனால் ஐஆர்க்யூ இரண்டே இரண்டு. ஐஎஸ்ஏவுக்குப் பின் வந்த பிசிஐ கார்டுகள் ஒரே ஐஆர்க்யூவைப் பகிர்ந்துகொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. ஐஎஸ்ஏ அப்படியல்ல. ஐஎஸ்ஏவில் ஐஆர்க்யூ கம்பியின் மின்னழுத்தம் கீழிருந்து மேலே ஏறும் அந்தக் கணத்தைத்தான் கணினி கவனிக்கிறது. இரண்டு கார்டுகள் அதே கம்பியைப் பிடித்திருந்தால், ஒன்று கீழே இழுத்து வைத்திருக்கும்போது மற்றது எழுப்பும் சமிக்ஞை தொலைந்துபோகும்.

காம்1-இல் சீரியல் மவுஸ், காம்3-இல் மோடம் என்று வைத்தவர்களுக்கு டயல் செய்த நொடியில் மவுஸ் நின்றுபோவது இதனால்தான். சீரியல் போர்ட் சிப்பில் அவுட்2 என்று ஒரு பிட் உண்டு. அதை ஏற்றினால்தான் அந்தப் போர்ட்டின் இன்டரப்ட் ஐஆர்க்யூ கம்பியை அடையும். ஒரு நேரத்தில் ஒரு போர்ட்டை மட்டும் திறந்தால் காம்1-உம் காம்3-உம் சண்டையில்லாமல் இருக்கும். ஆனால் மவுஸ் டிரைவர் காம்1-ஐ எப்போதும் திறந்தே வைத்திருக்கும். ஆகவே சீரியல் மவுஸ் உள்ள கணினியில் மோடத்தை ஐஆர்க்யூ 4-இல் வைக்கவே கூடாது. பிஎஸ்/2 மவுஸ் ஐஆர்க்யூ 12-ஐ எடுத்துக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

கார்டில் உள்ள இன்னொரு நல்ல விஷயம், 16550-க்கு இணையான சொந்த சீரியல் சிப். 486 காலத்து மல்டி ஐஓ கார்டுகள் (சீரியல், பிரிண்டர் போர்ட்டுகளைத் தருபவை) பலவற்றில் 8250 அல்லது 16450 சிப் இருக்கும். அவை ஒரே ஒரு பைட்டைத்தான் பிடித்து வைக்கும். 115200 வேகத்தில் வினாடிக்கு 11,520 பைட் வரும்; அதாவது ஒரு பைட்டுக்குச் சுமார் 87 மைக்ரோ வினாடி. அதற்குள் பிராசஸர் வந்து எடுக்காவிட்டால் அடுத்த பைட் அதன் மேல் ஏறி முந்தையது அழிந்துவிடும். 16550ஏ சிப்பில் 16 பைட் பஃபர் இருப்பதால் பிராசஸருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. உங்கள் கணினியின் சீரியல் போர்ட் பழைய சிப் என்றால், நல்ல வெளி மோடம் வாங்கினாலும் அந்தப் போர்ட்டே முட்டுக்கட்டை. உள் கார்டு தன் சிப்பைத் தானே கொண்டுவருகிறது.

இனி பொருத்துவது. முதலில் தொலைபேசி வயரைப் பிடுங்கிவிடுங்கள். லைனில் 48 வோல்ட் டிசி இருக்கும், மணி அடித்தால் அதைவிட அதிகமான ஏசி வரும். ஏடிஎக்ஸ் வகை மின்வழங்கி உள்ள கணினியானால் மின்கம்பியையும் சுவரிலிருந்து எடுங்கள். சுவிட்சை அணைத்தாலும் மதர்போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை இருந்துகொண்டே இருக்கும். கார்டைத் தொடுவதற்கு முன்பே எந்த ஐஆர்க்யூ யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் 6-ஆம் பதிப்பில் எம்எஸ்டி என்ற நிரல் இருக்கிறது. அதன் காம் போர்ட்ஸ் பக்கம் முகவரியையும் சிப் வகையையும் சரியாகச் சொல்லும், ஆனால் ஐஆர்க்யூ விஷயத்தில் அதை நம்ப வேண்டாம். விண்டோஸ் 95, 98-இல் டிவைஸ் மேனேஜரின் உச்சியில் இருக்கும் கம்ப்யூட்டர் என்ற வரியை இருமுறை சொடுக்கினால் ஐஆர்க்யூ பட்டியல் முழுவதும் கிடைக்கும்.

பட்டியலில் கண் வைக்க வேண்டிய எதிரிகள் சிலர். சவுண்ட் பிளாஸ்டர் வழக்கமாக ஐஆர்க்யூ 5-இல் உட்கார்ந்திருக்கும். என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு தொழிற்சாலை அமைப்பிலேயே ஐஆர்க்யூ 3 எடுத்துக்கொள்ளும்; அதாவது காம்2-க்கும் காம்4-க்கும் நேரடிப் போட்டி. பிரிண்டர் போர்ட்டுக்கு 7. டாஸிலிருந்து சாதாரணமாக அச்சிடும்போது அந்த 7 பயன்படுவதில்லை என்பதால் வேறு வழியில்லாதபோது மோடத்துக்குக் கொடுக்கலாம்; ஆனால் பிரிண்டர் போர்ட்டை இசிபி என்ற வேக முறையில் வைத்திருந்தால் வேண்டாம்.

காம்4-ஐப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் ஐஆர்க்யூவை எவ்வளவு மாற்றினாலும் தீராத ஒரு மோதல் இருக்கிறது. உங்கள் வீடியோ கார்டு எஸ்3 சிப் கொண்டதா என்று பாருங்கள். பழைய ஐபிஎம் 8514/ஏ வீடியோ கார்டின் வழியில் வந்த அந்தச் சிப்புகள் 42இ8, 82இ8 போன்ற 16 பிட் முகவரிகளைப் பயன்படுத்துகின்றன. ஐஎஸ்ஏ சீரியல் கார்டுகளோ முகவரியின் கடைசி 10 பிட்டை மட்டுமே பார்க்கின்றன. 42இ8-இன் மேல் பிட்டுகளை விட்டுவிட்டால் மிஞ்சுவது 2இ8, அதாவது காம்4. வீடியோ கார்டுக்குப் போகும் கட்டளை மோடத்தின் காதிலும் விழும். திரையில் குப்பை, காரணமில்லாமல் மோடம் லைனை எடுப்பது, விண்டோஸ் தொடங்கும்போது தொங்கிப்போவது என்று பல வேஷத்தில் இது வரும். எஸ்3 கார்டு இருந்தால் காம்4-ஐ மறந்துவிடுங்கள்.

எங்கள் பரிந்துரை எப்போதும் காம்2, ஐஆர்க்யூ 3. அதற்கு பயாஸ் (கணினி தொடங்கும்போது ஓடும் மதர்போர்டு நிரல்) அமைப்புக்குள் போய் மதர்போர்டின் இரண்டாவது சீரியல் போர்ட்டை டிசேபிள் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் மோடத்தைக் காம்2-இல் வைத்தால் இரண்டு சிப்பும் 2எஃப்8 முகவரிக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லும். வருவது குப்பையாகவே இருக்கும். சில போர்டுகளில் இன்ஃப்ராரெட் வசதி இரண்டாவது போர்ட்டின் சிப்பையே பயன்படுத்தும், அதையும் அணையுங்கள். மல்டி ஐஓ கார்டு உள்ள 486 என்றால் பயாஸில் தேடிப் பயனில்லை. அந்தக் கார்டின் ஜம்பரில்தான் போர்ட்டை அணைக்க வேண்டும். பிறகு பயாஸின் பிஎன்பி (பிளக் அண்ட் பிளே)/பிசிஐ பக்கத்தில் ஐஆர்க்யூ 3-ஐ லெகசி ஐஎஸ்ஏ என்று ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் காலியாகிவிட்டதே என்று பயாஸ் அதைத் தூக்கி ஒரு பிசிஐ கார்டுக்குக் கொடுத்துவிடும். அதே பக்கத்தில் ரீசெட் கான்ஃபிகரேஷன் டேட்டா இருந்தால் ஒருமுறை எனேபிள் செய்து சேமியுங்கள். பழைய ஒதுக்கீட்டுப் பதிவு அழிந்து புதிதாக எழுதப்படும்.

இரண்டு சீரியல் போர்ட்டும் வேறு வேலைக்குத் தேவை என்றால் காம்3, ஐஆர்க்யூ 5. சவுண்ட் கார்டை 7-க்கோ 10-க்கோ நகர்த்திக்கொள்ளுங்கள். இந்த நகர்த்தல் சவுண்ட் கார்டுக்கு எளிது, ஏனென்றால் அது 16 பிட் கார்டாக இருக்கும். ஐஆர்க்யூ 10, 11, 12, 15 எல்லாம் ஐஎஸ்ஏ ஸ்லாட்டின் நீட்டிய பின்பகுதியில்தான் வருகின்றன. குட்டையான 8 பிட் விளிம்பு மட்டும் உள்ள கார்டு எதுவானாலும் அந்த எண்களை எட்ட முடியாது. ஐஆர்க்யூ 2 என்று ஜம்பரில் போட்டிருந்தால் 16 பிட் ஸ்லாட் உள்ள கணினியில் அது 9 ஆகத்தான் தெரியும், பயந்துவிட வேண்டாம்.

பொருத்தியதும் உடனே விண்டோஸுக்குப் போகாதீர்கள். வெறும் டாஸில் இறங்கி டீபக் நிரலைத் திறந்து டி 40:0 என்று அடியுங்கள். முதல் எட்டு பைட்டுகளில் பயாஸ் கண்டுபிடித்த சீரியல் போர்ட்டுகள் தலைகீழாக இருக்கும்: எஃப்8 03 என்றால் 3எஃப்8, எஃப்8 02 என்றால் 2எஃப்8. காம்2 இல்லாமல் காம்3 மட்டும் இருந்தால் பல பயாஸ்கள் இடைவெளி விடாமல் அதை இரண்டாவது இடத்திலேயே எழுதிவிடும். அப்போது டாஸ் அதைக் காம்2 என்று அழைக்கும், விண்டோஸ் காம்3 என்று அழைக்கும். இந்தப் பெயர்க் குழப்பத்தைக் கார்டின் கோளாறு என்று நினைத்துத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு.

அடுத்தது மிக உபயோகமான சோதனை. மோட் காம்2:2400,என்,8,1 என்று அடித்துவிட்டு, எக்கோ கட்டளையால் ஏடிஎச்1 என்ற மோடம் கட்டளையைக் காம்2-க்கு அனுப்புங்கள். மோடம் லைனை எடுக்கும் கிளிக் சத்தம் கேட்க வேண்டும். இந்த வழியில் டாஸ் ஐஆர்க்யூவையே தொடுவதில்லை, போர்ட்டை நேரடியாகக் கேட்டுக் கேட்டு எழுதுகிறது. ஆகவே கிளிக் கேட்டால் முகவரி சரி, கார்டு உயிரோடு இருக்கிறது. அதற்குப் பிறகும் டெலிக்ஸ், புரோகாம் போன்ற டெர்மினல் நிரலில் ஏடி அடித்து ஓகே வரவில்லை என்றால் தவறு பெரும்பாலும் ஐஆர்க்யூவில்தான். அந்த நிரல்கள் காம்3 என்றாலே ஐஆர்க்யூ 4 என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் 5 வைத்திருந்தால் நிரலின் அமைப்பில் அதையும் மாற்ற வேண்டும். கிளிக்கே கேட்கவில்லை என்றால் முகவரி மோதல், இல்லையேல் ஸ்லாட்டில் அழுக்கு. விளிம்பை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள்.

விண்டோஸ் 3.1-இல் கண்ட்ரோல் பேனலின் போர்ட்ஸ் பகுதியில், அட்வான்ஸ்டு பொத்தானுக்குள் முகவரியும் ஐஆர்க்யூவும் கொடுக்க இடம் இருக்கிறது. விண்டோஸ் 95, 98-இல் ஜம்பர் வைத்த கார்டைக் கண்டுபிடிக்கும்போது வழக்கமான ஐஆர்க்யூவையே கணினி எழுதிவைத்துவிடும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸின் கீழ் அந்தக் காம் போர்ட்டைத் திறந்து, ரிசோர்சஸ் பக்கத்தில் தானியங்கி அமைப்பை எடுத்துவிட்டு, ஐஆர்க்யூவை மாற்றுங்கள். மாற்ற விடாவிட்டால் மேலே உள்ள பேசிக் கான்ஃபிகரேஷன் பட்டியலில் அடுத்ததைத் தேர்ந்தெடுத்து மறுபடி முயலுங்கள். அவற்றில் சில எண்ணை மாற்ற அனுமதிப்பதில்லை. முன்பு யாரோ போட்டுக் கழற்றிய மோடம்களின் பதிவுகள் சேஃப் மோடில் வெளியே தெரியும். அவற்றை அங்கே நீக்கினால் பல மஞ்சள் குறிகள் தாமாகப் போய்விடும். கடைசியில் மோடம்ஸ் பகுதியின் டயக்னாஸ்டிக்ஸில் மோர் இன்ஃபோ அழுத்துங்கள். முகவரி, ஐஆர்க்யூ, சிப் வகை, ஏடிஐ பதில்கள் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தால் வேலை முடிந்தது.

லினக்ஸில் காம்3 என்பது டிடிஒய்எஸ்2. செட்சீரியல் கட்டளையில் முகவரி, ஐஆர்க்யூ, சிப் வகை மூன்றையும் கொடுத்தால் போதும். எழுத்துகள் வெகுநேரம் கழித்துக் கொத்துக் கொத்தாக வந்தால் அது தவறான ஐஆர்க்யூவின் முத்திரை.

கார்டின் குறை எங்கே? பிளக் அண்ட் பிளே முறையில், அதாவது முகவரியையும் ஐஆர்க்யூவையும் கணினியே ஒதுக்கும் முறையில். இந்த வசதி உள்ள பதிப்புகளில் எல்லா ஜம்பர்களையும் எடுத்துவிட்டால் கார்டு அந்த முறைக்கு மாறும். விண்டோஸ் 98 மட்டும் ஓட்டுகிறவருக்கு இது பரவாயில்லை. டாஸும் வேண்டும் என்றால் தலைவலி. பயாஸில் பிஎன்பி ஓஎஸ் இன்ஸ்டால்டு என்பது எஸ் என்று இருந்தால், பயாஸ் கார்டுக்கு எதையும் ஒதுக்காமல் விட்டுவிடும். டாஸில் மோடம் இருக்கிற சுவடே தெரியாது. நோ என்று வைத்தால் பயாஸே ஒதுக்கும், ஆனால் அது எந்தக் காம் எண் என்பது அடுத்த கார்டு சேரும்போது மாறலாம். இவ்வளவு நல்ல ஜம்பர்களைக் கையில் வைத்துக்கொண்டு இந்த முறைக்குப் போக எந்தக் காரணமும் இல்லை. இன்னொரு குறை, உள் மோடம் எதற்கும் பொதுவானது: தொங்கிப்போனால் கணினியையே மறுதொடக்கம் செய்ய வேண்டும், நிலையைச் சொல்ல விளக்குகளும் கிடையாது.

விளக்குகள் வேண்டும் என்றால் அதே நிறுவனத்தின் வெளி மோடம், 5686. இதில் ஐஆர்க்யூ தொல்லை உங்கள் சீரியல் போர்ட்டின் தொல்லை மட்டுமே. எட்டு டிப் சுவிட்சுகளில் 3, 5, 8 ஆன், மற்றவை ஆஃப் என்பது தொழிற்சாலை அமைப்பு. எட்டாவது ஆஃபில் இருந்தால் ஏடி கட்டளை எதையும் மதிக்காது. பழைய மோடம் வாங்கிச் செத்துவிட்டது என்று ஒதுக்குவதற்கு முன் இதைப் பாருங்கள். ஏடி அடிக்கும்போது எஸ்டி (தரவு அனுப்புவதைக் காட்டும்) விளக்கு மினுங்கவில்லை என்றால் பழுது கணினிப் பக்கம் அல்லது கேபிளில். மதர்போர்டிலிருந்து பின்பலகைக்கு வரும் 10 முனை ரிப்பன் கேபிள் இரண்டு விதமான வயரிங்கில் வருகிறது. ஒரு போர்டின் கேபிளை இன்னொன்றில் மாட்டினால் போர்ட் இருப்பதாக எல்லா நிரலும் சொல்லும், ஒரு பைட்டும் போகாது. 9 முனை இணைப்பானில் 2-ஐயும் 3-ஐயும், 7-ஐயும் 8-ஐயும், 1, 4, 6 மூன்றையும் சேர்த்துவிட்டு டெர்மினலில் தட்டச்சு செய்யுங்கள். அடித்த எழுத்து திரும்பி வந்தால் கேபிள் சரி.

இணைப்பு கிடைத்த பிறகும் கோப்பு இறக்கும்போது சிஆர்சி பிழைகள் (தரவு சிதைந்ததைக் காட்டுபவை) வந்தால் லைனைக் குறை சொல்லத் தோன்றும். வி.42 பிழைத் திருத்தம் இயங்கும்போது லைன் பிழைகள் மோடங்களுக்குள்ளேயே திருத்தப்பட்டுவிடும். மிஞ்சி வரும் பிழை மோடத்துக்கும் பிராசஸருக்கும் நடுவில் விழுந்தது. ஏடி&எஃப்1 கொடுத்து ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோலை (பஃபர் நிரம்பும்போது அனுப்புவதை நிறுத்தச் சொல்லும் முறை) இயக்குங்கள், நிரலிலும் அதையே தேர்ந்தெடுங்கள். அழைப்பு முடிந்ததும் ஏடிஐ6 அடித்தால் லைனில் நடந்த பிழைகளும் ரீட்ரெயின்களும் (மோடம்கள் மறுபடி ஒத்திசைந்துகொண்டவை) தெரியும். அங்கே எண்கள் குறைவாக இருந்தும் கோப்பு உடைந்தால் மறுபடி ஐஆர்க்யூ பட்டியலுக்கே போக வேண்டும். லைனில் உண்மையிலேயே சத்தம் இருக்கிறதா என்று பார்க்க ஏடிஒய்11 இருக்கிறது. அலைவரிசை வாரியாக வந்த சமிக்ஞையின் அளவைப் பட்டியலிடும். இப்படித் தன் வயிற்றைத் திறந்து காட்டும் கட்டளைகள் இந்த விலைப் பிரிவு மோடம்களில் அரிது.

வாங்கும்போது விற்பவர் தரும் படத்தில் ஜம்பர் முனைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஸ்போர்ட்ஸ்டர் வின்மோடம் என்று ஒன்று அதே பெயரில் உலவுகிறது. அதில் கண்ட்ரோலர் வேலையைப் பிராசஸர்தான் செய்ய வேண்டும்; விண்டோஸ் டிரைவர் இல்லாமல் டாஸில் அது ஒரு வெற்றுப் பலகை. ஜம்பர் குல்லாக்கள் தொலைந்திருந்தால் கவலை வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்கின் மாஸ்டர், ஸ்லேவ் தேர்வுக்கு வைக்கும் 2.54 மில்லிமீட்டர் குல்லாவே இதற்கும் பொருந்தும். எண்களின் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் போர்டின் மீதுள்ள அச்செழுத்தைப் பார்த்தே குல்லாவை வையுங்கள், ஒரு வரிசைக்கு ஒன்று. தொலைபேசி வயரை ஃபோன் என்ற துளையில் அல்ல, லைன் என்ற துளையில் செருகுங்கள்.